பதினோராம் எண்

விலை இருநூற்று எண்பது யூரோ.
மூன்று வருடம் முன்பு நானூறு.
பழைய எண்ணை அழிப்பதில்லை, மேலே ஒரு கோடு மட்டும்;
இறங்கி வந்தவன் என்று தெரிந்தால்
ஆட்கள் கொஞ்சம் கிட்டே வருகிறார்கள்.

எண்ணெய் வண்ணம், மரப்பலகை, ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு.
கியோஜாவின் உப்பங்கழி. குளிர்காலம்.
இரண்டு படகு, ஒன்றுக்குக் காவிப் பாய்,
பாலத்தில் பாதி.
மறுபாதி பலகைக்கு வெளியே இறங்கிப் போய்விட்டது.
வானம், மீன் கழுவிய தண்ணீர்.

வலது மூலையில் கையெழுத்து: பொஸ்கோலோ.
எந்த பொஸ்கோலோ?
இந்த ஊரில் ஒரு கல்லை விட்டெறிந்தால்
ஒரு பொஸ்கோலோவின் மண்டையில் பட்டு
இன்னொரு பொஸ்கோலோவின் சன்னலை உடைக்கும்.
அதனால்தான் அடையாள அட்டையிலேயே பட்டப்பெயரும் ஏறுகிறது:
கரிமூக்கன், வாத்துக்காரன், தூங்காதவன்.
வரைந்தவன் தன்னுடையதை எழுதவில்லை.
ஏலக் கம்பெனிக்காரன் போனில் சொன்னான்,
"ஆள் யாரென்று தெரியாவிட்டால் மரச்சட்டத்துக்குத்தான் விலை."
சட்டத்தைப் பூச்சி அரித்திருந்தது. அதை நான் சொல்லவில்லை.

பலகையின் முதுகில் பென்சிலால் 11.
அவ்வளவுதான்.

பாதுவாவிலிருந்து ஒரு தம்பதி
சாணால் அகலத்தை அளந்தார்கள், மனசில் சோபாவோடு.
ஒரு ஜெர்மானியர் வானத்துப் புள்ளிகளைக் காட்டி
மழையா பூஞ்சையா என்று கேட்டார்.
மழை என்றேன்.

மார்ச் இரண்டாம் ஞாயிறு, சந்தையில் நெரேயோ.
சிப்பி வாருகிறவர், ஞாயிறும் ரப்பர் பூட்ஸ்.
படத்தைப் பார்க்கவில்லை, அதிலிருந்த நீரைப் பார்த்தார்.
"தண்ணி தப்பு.
பாய் இப்படி உப்பினா காத்து தென்மேற்கு,
கழித் தண்ணிய கடலுக்கு விரட்டுற காத்து.
இவன் நாலாம் படி வரைக்கும் ஏத்தி வெச்சிருக்கான்."
பின்னால் நகர்ந்தார். ஒரு கண்ணை மூடினார்.
"இந்த உசரத்துலேர்ந்து இந்தப் பாலம் தெரிய ஒரே இடம்.
பழைய ஆஸ்பத்திரி, மூணாம் மாடி."
பலகையைத் திருப்பிக் காட்டினேன்.
பென்சில் எண்ணை ஈர விரலால் தொட்டார்.
"கட்டில் நம்பர்."
வாங்கவில்லை. காப்பிக்குத்தான் இருக்கிறது என்று
சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டிவிட்டுப் போனார்.

அன்று மாலையே புது அட்டை எழுதினேன்:
'நோயாளி ஒருவர் தம் சன்னலிலிருந்து கண்ட கழி.'
முந்நூற்று அறுபது.
எனக்கு வெட்கமில்லை.
மேசைக்கு வாடகை கேட்கிறவனுக்கும் இல்லை.

ஏப்ரலில் ஃபெதோரா வந்தாள்.
அந்த வார்டில் முப்பத்தொரு வருட நர்ஸ்.
அட்டையைப் படித்தாள், தோள் குலுங்கியது.
"பதினொண்ணுக்கு ஏது சன்னல்?
துணி அலமாரிக்கும் கதவுக்கும் நடுவுல அது.
எதிர்ல சுவர், சுவர்ல ஒரு ஆணி,
ஆணியில காய்ச்சல் எழுதுற தாள்.
சன்னல் பக்கம் ஒண்ணும் ஆறும்.
அங்க படுத்தவங்க நாள் முழுக்கச் சொல்லுவாங்க,
யார் படகு திரும்புச்சு,
பாலத்துல யார் நிக்கறா, தண்ணி எத்தனை படி.
ஒண்ணாம் கட்டில் காத்தைச் சொல்லும்.
ஆறாம் கட்டில் பாதி நேரம்
நேத்துத் தண்ணியச் சொல்லும்."

அந்த பொஸ்கோலோ யார், பட்டப்பெயர் என்ன என்று கேட்டேன்.
"எல்லாரும் பொஸ்கோலோதான்.
நாங்க பதினொண்ணுன்னுதான் கூப்பிட்டோம்.
அவனும் திரும்பிப் பார்ப்பான்."

அட்டையைக் கழற்றினேன்.
வெறும் ஆணி மட்டும் மேசையில்.
எவ்வளவு என்றாள்.
இருநூற்று எண்பது என்று வாய் சொன்னது,
அதுவும் கூடுதலோ குறைவோ தெரியாமல்.

அவள் விரல் வானத்தில் ஏறி
புள்ளிகளுக்குப் பக்கத்தில் நின்றது.
"இது மழையா?"

பூஞ்சை என்றேன்.

கைப்பையைத் திறந்து
கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.